இறந்த நண்பர் விட்டுப்போன பழைய பாக்கெட் பிஸ்டல்: முதலில் செய்ய வேண்டியது என்ன?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன், தவறாக இருந்தால் திருத்துங்கள். இருபது வருட நண்பர் இறந்துவிட்டார். சில வாரம் கழித்து அவர் மனைவி ஒரு மரப்பெட்டியைக் கொடுத்து, இது உங்களுக்குத்தான் என்று அவர் சொல்லியிருந்தார் என்றிருக்கிறார். திறந்தால் உள்ளங்கையளவு பிஸ்டல். வெள்ளைப் பிடி, நடுவில் குதிரை (பின்னால் இழுத்துவிட்டால் முன்னால் வந்து அடிக்கும் சுத்தி), விரலால் இழுக்கும் விசையையே காணோம், குழலின் வாயில் நட்சத்திரம் மாதிரி வெட்டுகள், குழலுக்கு அடியில் முட்டை வடிவக் கோட்டுக்குள் இ, எல், ஜி என்று மூன்று எழுத்து. நண்பர் அதை நெப்போலியன் காலத்தது என்பாராம். இது டெரிஞ்சர் என்கிறார்களே, அந்தக் குட்டிப் பிஸ்டல்தானா, என்ன விலை பெறும், துருவை எப்படி எடுப்பது என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் "வீட்டில் வைத்திருப்பதில் தப்பொன்றும் இல்லையே?" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குள்ளேயே இரண்டு கேள்வி இருக்கிறது: உயிருக்கு ஆபத்து உண்டா, சட்டப்படி சரியா. முதலில் அவற்றைப் பார்ப்போம்.

நான் அருங்காட்சியகத்தில் பழைய உலோகப் பொருட்களைப் பாதுகாக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். அதில் கணிசமான காலம் ஆயுதப் பிரிவில். வக்கீல் இல்லை, விலை சொல்கிற ஏலக்காரனும் இல்லை. கீழே சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், அந்தப் பிஸ்டலுக்குள் மருந்தும் குண்டும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு அதைத் தொடுங்கள். நூற்றைம்பது வருடப் பழசு, அதெல்லாம் எப்போதோ செத்துப்போயிருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கருமருந்து அப்படிச் சாவதில்லை. அது வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த கலவை, ஏறத்தாழ எழுபத்தைந்து, பதினைந்து, பத்து என்ற விகிதம். மூன்றுமே வைத்த இடத்தில் கெடாமல் கிடக்கிற சரக்கு. ஈரம் படாமல் ஒரு குழலுக்குள் அடைபட்டுக் கிடந்தால் தலைமுறைகள் கழித்தும் பற்றிக்கொள்ளும். அதிலும் இந்த வகைப் பிஸ்டல்களை அந்தக் காலத்து ஆட்கள் ஆபத்துக்கு உதவட்டும் என்று மருந்தடைத்தே பையில் வைத்திருந்தார்கள். ஒரு தடவை அடைத்துவிட்டால் சுடாமல் அதை வெளியே எடுப்பது தொல்லை என்பதால், அடைத்தபடியே பெட்டிக்குள் போட்டுவிட்டு மறந்தும் போனார்கள். ஒருமுறை ஒருவர் தாத்தாவின் பிஸ்டல் என்று எங்களிடம் ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டுப் பிள்ளைகள் மூன்று தலைமுறையாக அதை வைத்து விளையாடியதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். வாய்வழியாகக் குச்சி விட்டுப் பார்த்தால் அடியை எட்டுவதற்கு மூன்று விரல் முன்னாலேயே முட்டியது, அதாவது உள்ளே ஏதோ அடைபட்டிருந்தது. அன்றைக்கு அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் குச்சிச் சோதனையை நீங்களும் செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் குதிரையைத் தொடாமல் பாருங்கள். குதிரைக்குக் கீழே, குழலின் பின் முனையில், நிப்பிள் என்று சொல்லும் சிறிய குழாய் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதன் தலையில் செம்பு நிறத்தில் குட்டித் தொப்பி போல ஏதாவது மாட்டியிருந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். அதுதான் கேப், குதிரை அடிக்கும்போது வெடித்து உள்ளேயிருக்கும் மருந்தைப் பற்றவைப்பது. பழைய கேப்களில் பெரும்பாலும் பாதரச ஃபல்மினேட் இருக்கும், அடிபட்டாலே வெடிக்கும். நோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். வாய்ப்பக்கம் ஆளில்லாத ஒரு சுவரைப் பார்க்கும்படி வைத்துவிட்டு காவல் துறைக்குப் போன் செய்யுங்கள். குதிரை இறங்கி நிப்பிளை மூடிக்கொண்டிருந்தால் உள்ளே கேப் இருக்கிறதா என்று பார்க்க முடியாது, அப்போதும் இதேதான். பார்ப்பதற்காகக் குதிரையை இழுக்க வேண்டாம். உள்ளேயிருக்கும் பழைய ஸ்பிரிங்கும் குதிரையைப் பிடித்து நிறுத்தும் தேய்ந்த பல்லும் எப்போது நழுவும் என்று சொல்ல முடியாது.

நிப்பிள் தெளிவாகத் தெரிகிறது, அதன் மேல் ஒன்றும் இல்லை என்றால் மட்டும், மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றை வாய்வழியாக மெதுவாக விடுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நிற்க வேண்டும், முகமோ கையோ வாய்க்கு நேராக வரக் கூடாது. இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். குச்சி முட்டியதும் வாயின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, வெளியே எடுத்து, குழலின் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். கோடு வாயின் விளிம்பில் இருக்கும்போது குச்சியின் மறுமுனை ஏறத்தாழ நிப்பிளுக்கு நேராக வந்தால் குழல் காலி. அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது குண்டாக இருக்கலாம், பூச்சிக் கூடாகவும் இருக்கலாம், ஆனால் குண்டு என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள். குச்சி மெல்லியதாக இருக்க வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. உங்களுடையது போன்ற பிஸ்டல்களில் மருந்து நிற்கும் அறை குழலின் துளையைவிடக் குறுகலாக இருக்கும். தடித்த குச்சி அந்த அறையின் வாயிலேயே முட்டி நின்று, காலித் துப்பாக்கியையும் நிரம்பியது போலக் காட்டிவிடும். இன்னொன்று, எண்ணெய் ஊற்றி ஊறவைத்தால் மருந்து செத்துவிடும் என்று யாராவது யோசனை சொன்னால் நம்பாதீர்கள். எண்ணெய் எங்கே போய்ச் சேர்ந்தது, எங்கே சேரவில்லை என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. புகைப்படத்தைப் பார்த்து "காலிதான்" என்று சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான். நானும் புகைப்படத்தை வைத்து அப்படிச் சொல்ல மாட்டேன்.

அடுத்து சட்டம். பழசுதானே, அதற்கு என்ன உரிமம் என்று கேட்கத் தோன்றும். எது பழசு என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக வரையறுத்து வைத்திருக்கிறது, ஒன்றுக்கொன்று பொருந்தாது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் 1898-ம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்ததுதான் பழம்பொருள். இதில் ஒரு வேடிக்கை உண்டு: ரெமிங்டன் கம்பெனியின் இரட்டைக் குழல் பாக்கெட் பிஸ்டல் 1866 முதல் 1935 வரை பார்வைக்குப் பெரிய மாற்றம் இல்லாமல் வந்துகொண்டிருந்தது, ஆகவே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டில் ஒன்று பழம்பொருள், மற்றொன்று சாதாரணத் துப்பாக்கி. பிரிட்டனில் 2021-ல் வந்த விதிகளின்படி 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்தது என்பது ஒரு நிபந்தனை, அதோடு அதை அழகுக்காகவோ ஆர்வத்துக்காகவோ மட்டும் வைத்திருக்க வேண்டும். சுடுவதற்கு என்று வைத்தால் அந்த விலக்கு போய்விடும். இந்தியாவின் 1959-ம் வருட ஆயுதச் சட்டம் இன்னும் கறாரானது. அதன் 45-வது பிரிவு பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது என்று பலர் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். பழுது பார்த்தாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத நிலையில் இருக்க வேண்டும் என்பது மீதிப் பாதி. உங்களுடையது நன்றாக வேலை செய்கிற நிலையில் இருந்தால் அந்த விலக்கை நம்பி உட்கார முடியாது.

நீங்கள் எந்த நாடு என்று எழுதவில்லை. எங்கே இருந்தாலும் சில காரியங்கள் பொதுவானவை. நண்பரின் மனைவி கையில் கொடுத்ததாலேயே அது உங்களுடையது ஆகிவிடாது. உயில் இருக்கிறதா, அதை நிறைவேற்றுகிறவர் யார், மற்ற வாரிசுகளுக்குச் சம்மதமா என்று கேட்டு, தேதி போட்டு ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். துக்கத்தில் இருப்பவரிடம் காகிதம் கேட்பது சங்கடம்தான், ஆனால் இரண்டு வருடம் கழித்து வேறு யாரோ கேட்டுக்கொண்டு வந்து நிற்கும்போது அதைவிடப் பெரிய சங்கடம் வரும், அவருக்கும் சேர்த்து. அப்புறம், பிஸ்டலைப் பைக்குள் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குள் நுழையாதீர்கள். முதலில் போன், அல்லது ஆயுத வழக்குகள் தெரிந்த வக்கீல். அவர்கள் வந்து எடுக்கிறார்களா, நீங்கள் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை அது பூட்டிய இடத்தில் இருக்கட்டும். எல்லை தாண்டிக் கொண்டுபோவது, தபாலில் அனுப்புவது, இணையத்தில் விற்கப் பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, இப்போது சுவாரசியமான பகுதிக்கு வருவோம், இது என்ன பிஸ்டல்? அந்த மூன்று எழுத்து பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச் சாலையின் முத்திரை. துப்பாக்கியில் அளவுக்கு மீறி மருந்து அடைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள், குழல் தாங்கினால் இந்த முத்திரையைக் குத்துவார்கள். எழுத்துகளுக்குக் கீழே சின்னதாக ஒரு நட்சத்திரமும் இருக்க வேண்டும், லென்ஸ் வைத்துப் பாருங்கள். அந்த முட்டை வடிவத்துக்கு மேல் கிரீடம் இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். 1893-ல்தான் கிரீடத்தைச் சேர்த்தார்கள். இல்லையென்றால் குழல் அதற்கு முந்தையது. நீங்கள் அனுப்பிய படத்தில் எனக்குக் கிரீடம் தெரியவில்லை, ஆனால் அந்த இடத்தில் துரு படிந்திருப்பதால் சத்தியம் செய்ய மாட்டேன்.

இந்த வகையில் விசை காணாமல் போகவில்லை, உடம்புக்குள் மடங்கிக் கிடக்கிறது. குதிரையை முழுதாக இழுத்தால் அது தானாக வெளியே வந்து தொங்கும். பையிலிருந்து உருவும்போது துணியில் மாட்டக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. (சரிபார்க்கிறேன் என்று இழுத்துவிடாதீர்கள், மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.) குழல் வாயில் உள்ள நட்சத்திர வெட்டுகளைக் குண்டைச் சுழலவிடும் மரை என்று பலர் நினைக்கிறார்கள். அவை பெரும்பாலும் சாவி நுழைவதற்கான பள்ளங்கள். இந்தப் பிஸ்டல்களில் வாய்வழியாக மருந்து அடைப்பதில்லை. குழலையே திருகிக் கழற்றி, அறையில் மருந்தைப் போட்டு, துளையைவிடச் சற்றுப் பெரிய ஈயக் குண்டை அதன் மேல் உட்காரவைத்து, குழலைத் திரும்ப மாட்டிவிடுவார்கள். சுடும்போது குண்டு இறுக்கமாகப் பிதுங்கிக்கொண்டு போவதால் மருந்து எரிந்து எழும் வாயு வீணாகாது, இத்தனை குட்டிக் குழலுக்கும் ஓரளவு வேகம் கிடைக்கும்.

டெரிஞ்சரா என்று கேட்டீர்கள். என் கருத்தில் இல்லை. ஹென்றி டெரிஞ்சர் பிலடெல்பியாவில் இருந்த துப்பாக்கித் தொழிலாளர். அவர் செய்த பாக்கெட் பிஸ்டல்களில் குதிரை நடுவில் இருக்காது, வலப்பக்கம் இருக்கும். 1865-ல் லிங்கனைச் சுட்டது அவர் செய்த ஒன்றுதான், இப்போதும் வாஷிங்டனில் ஃபோர்டு அரங்கத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் பெயரின் நடுவில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு ர. சரக்கைக் காப்பியடித்தவர்களும் பத்திரிகைக்காரர்களும் இன்னொரு ர சேர்த்துப் பரப்பியதில், சின்னப் பிஸ்டல் எதுவானாலும் டெரிஞ்சர் என்று ஆகிவிட்டது. விற்பனைக்கு வைப்பவர்கள் அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள், நீங்கள் அதற்கு மயங்க வேண்டாம்.

நெப்போலியன் கதைக்கு வருகிறேன். உங்கள் நண்பர் மேல் மரியாதையோடுதான் சொல்கிறேன், அது அநேகமாக நடக்காத விஷயம். கேப் வைத்துச் சுடும் முறையின் வேர், பாதிரியாரும் வேட்டைப் பிரியருமான ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807-ல் வாங்கிய காப்புரிமை. சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் முதலில் பொறி தெரிந்து, ஒரு கணம் கழித்துத்தான் குண்டு கிளம்பும். அந்த ஒரு கணத்தில் பறவை பறந்துவிடுகிறது என்ற எரிச்சலில்தான் மனிதர் அதில் இறங்கினார். ஆனால் அவர் முறையில் தொப்பி கிடையாது. செம்புத் தொப்பி புழக்கத்துக்கு வந்தது 1820-களில், நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போர் முடிந்தது 1815-ல். உங்கள் வகைப் பிஸ்டல்கள் லியேஜிலும் பர்மிங்காமிலும் ஏராளமாக வெளிவந்தது ஏறத்தாழ 1830-க்கும் 1860-க்கும் இடையில். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1857-ல் உலோகத் தோட்டா போடும் குட்டி ரிவால்வரை இறக்கிய பிறகு, குழலைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? மெல்ல மெல்ல இவற்றின் காலம் முடிந்தது. ஒரே ஒரு சந்தேகத்துக்கு இடம் வைக்கிறேன். பழைய சக்கிமுக்கிப் பிஸ்டலைப் பின்னாளில் கேப் முறைக்கு மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. அப்படியானால் நிப்பிளைச் சுற்றி அடைத்த துளையோ, வேறு நிற இரும்போ, பற்றுமருந்து வைக்கும் குழியின் மிச்சமோ தெரியும். அதை நேரில் கையில் எடுத்துப் பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

வெள்ளைப் பிடி விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. எலும்பாக இருந்தால் மேற்பரப்பில் ஊசி குத்தியது போலக் கருத்த சிறு புள்ளிகளும் கீற்றுகளும் தெரியும். தந்தமாக இருந்தால் அடிப்பக்க வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரிய வாய்ப்புண்டு. சிலர் சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், வேண்டாம், அந்த வடு போகவே போகாது. தந்தம் என்று உறுதியானால் இன்னொரு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தம் 1975 முதல் நடப்பில் இருக்கிறது, பல நாடுகள் அதற்கு மேலும் கடுமையான தடைகளைப் போட்டிருக்கின்றன. துப்பாக்கி என்ற முறையில் விற்கத் தடை இல்லாத பிஸ்டலும் பிடியின் காரணமாக விற்க முடியாமல் போகலாம்.

துருவை எடுப்பது பற்றிக் கேட்டீர்கள். எடுக்காதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழுப்பாகக் கிடந்த ஒரு குழலைப் பளபளவென்று ஆக்கிவிட்டுப் பெருமையாகப் போய்க் காட்டினேன். மேலதிகாரி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அது துருவே இல்லை, செய்தவரே வேண்டுமென்று ஏற்றிய பழுப்புப் பூச்சு. இரும்பை அளவாகத் துருப்பிடிக்கவிட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்த நிறத்தைக் கொண்டுவருவார்கள். அவர் பல நாள் செய்த வேலையை நான் ஒரு மத்தியானத்தில் அழித்துவிட்டேன், கூடவே முத்திரையின் பாதியையும். அதனால் கம்பித் தேய்ப்பான், உப்புத்தாள், எலுமிச்சை, வினிகர், கடையில் கிடைக்கும் துரு நீக்கி எதுவும் வேண்டாம். கருத்த பழுப்பில் கெட்டியாக இருப்பது நின்றுபோன துரு, அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆரஞ்சு நிறத்தில், தொட்டால் பொடி ஒட்டுகிறது என்றால் மட்டும் அது இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. அந்த இடத்தை, காலி என்று உறுதியான பிறகு, மெல்லிய இயந்திர எண்ணெய் தொட்ட மென்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். எண்ணெய் பிடிமேல் படக் கூடாது, தந்தமானாலும் எலும்பானாலும் அதை உறிஞ்சி மஞ்சளாகிவிடும். தண்ணீரும் வெயிலும் பட்டால் பிடியில் விரிசல் விழும். திருகாணிகளைத் தொடாதீர்கள். அளவு சரியில்லாத திருப்புளி ஒரே முறையில் அதன் பள்ளத்தைச் சிதைத்துவிடும், சிதைந்த திருகாணியைப் பார்த்ததும் வாங்க வருகிறவர் விலையைக் குறைப்பார்.

தொடும்போது கையுறை போடுங்கள், விரல் வியர்வையின் உப்பு இரும்பில் ரேகை ரேகையாகத் துருவாகப் பதியும். தோல் உறை அழகாக இருந்தாலும் அதற்குள் வைக்காதீர்கள், தோல் பதனிட்ட ரசாயனமும் அது இழுக்கும் ஈரமும் இரும்புக்கு ஆகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையும் வேண்டாம். வந்த மரப்பெட்டி பிஸ்டலின் வரலாற்றில் ஒரு பகுதி என்பதால் அதைப் பத்திரப்படுத்துங்கள், ஆனால் உள்ளே விரித்திருக்கும் துணி ஈரம் பிடிக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

விலையை நான் சொல்லப்போவதில்லை. இந்த வகைப் பிஸ்டல்கள் ஏராளமாகப் பிழைத்திருக்கின்றன என்பது மட்டும் நிச்சயம், ஆகவே அதிர்ஷ்டப் பரிசு என்ற கற்பனை வேண்டாம். மதிப்பைக் கூட்டுவது அதோடு சேர்ந்து வரும் கதை, அதாவது காகிதத்தில் இருக்கும் கதை. நண்பரிடம் இது எப்படி வந்தது, யார் யார் கை மாறியது என்று அவர் சொன்னதில் நினைவிருப்பதையெல்லாம் இந்த வாரமே எழுதிவையுங்கள். அவர் சொன்னது தனியாக, நீங்கள் ஊகிப்பது தனியாக இருக்கட்டும். நெப்போலியனையும் எழுதுங்கள், "என்று அவர் சொல்வார்" என்று சேர்த்து. அவர் மனைவியிடம் பழைய புகைப்படத்தில் எங்காவது இந்தப் பெட்டி தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அளவுகோல் பக்கத்தில் வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், முத்திரையைச் சாய்வான வெளிச்சத்தில்.

கடைசியாக, பெட்டியில் கூடவே இருந்த அந்த இரும்புத் துண்டு. டி எழுத்து மாதிரி இருக்கிறது, முனை நட்சத்திரமாகப் புடைத்திருக்கிறது, பழைய பாட்டில் திறப்பான் என்று நினைத்துக் குப்பையில் போட இருந்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அது அநேகமாகக் குழலைக் கழற்றும் சாவி. பிஸ்டல்கள் பிழைத்த அளவுக்கு அவற்றின் சாவிகள் பிழைக்கவில்லை, நான் கையாண்டவற்றில் பத்தில் ஒன்றுக்குக்கூடச் சாவி இருந்ததில்லை. வாயில் பொருத்திப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொண்டு, ஒரு துணியில் சுற்றி அதே பெட்டியில் திரும்ப வையுங்கள்.